ஒன்பதாவது ஸ்டேஷன்

வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரமே ஆர்லீன் கேமன் ஒரு சிப்ஸ் கம்பெனி முதலாளியின் முகத்தைப் பார்த்து, "உங்க உருளைக்கிழங்குக்குத் தொப்பி வைக்க இடமில்லைங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது.

முதலாளியின் பெயர் ஈனஸ் ஹார்னிஷ். எழுபத்தொரு வயது. லான்காஸ்டர் ஊரைச் சுற்றி எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அவருடைய சிப்ஸ் பாக்கெட் சரம்சரமாகத் தொங்கும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ரயில் கண்டக்டர் தொப்பி வைத்த ஓர் உருளைக்கிழங்கு கன்னம் உப்ப விசில் ஊதிக்கொண்டு நிற்கும். அதன் பெயர் கண்டக்டர் கிளெம். 1983 கோடையில் தின்பண்டம் விற்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பைத்தியம். பாக்கெட்டில் இருக்கும் பொம்மையை டிவியில் ஆடும் விளையாட்டுக்குள் இறக்கிவிட வேண்டும். முப்பது பாக்கெட்டின் முகப்பைக் கத்தரித்துத் தபாலில் அனுப்பினால் வீடு தேடி கேம் கேசட் வரும் என்று ஹார்னிஷும் அறிவித்துவிட்டார். கேசட்டுக்குள் போக வேண்டிய விளையாட்டைத்தான் இனிமேல் எழுத வேண்டும்.

"நாய்த் தீனி விக்கிறவன்கூட ஒரு ஆட்டம் விட்டுட்டான். நான் என்ன குறைஞ்சு போயிட்டேன்?" என்றார் ஹார்னிஷ்.

"குறையெல்லாம் ஒண்ணுமில்லைங்க. டிவியில மாட்டுற அந்த ஆட்டப் பெட்டி ஒரு உருவத்துக்கு எட்டுப் புள்ளி அகலம்தான் குடுக்கும். கிளெம் உடம்புக்கே எட்டும் சரியாப் போயிடுது. தொப்பி விளிம்பு வெளிய நிக்கணுமே, அதுக்குப் புள்ளி இல்ல."

"தொப்பி இல்லேன்னா அவன் கிளெம் இல்லம்மா. வெறும் கிழங்கு."

பக்கத்தில் நின்ற டேல் ரப், "வச்சிடலாம் சார், வச்சிடலாம்" என்று சிரித்துக்கொண்டே ஆர்லீனின் முழங்கையை இடித்தான். கம்பெனி அவனுடையது. கார்ப்பெட் கடைக்கு மேலே மூன்று அறை, இரண்டு கம்ப்யூட்டர். இருபத்தொன்பது வயது டேல் வாயால் பிழைக்கிறவன். மீதியை ஆர்லீன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆர்லீனுக்கு நாற்பத்து மூன்று. ஷூ தொழிற்சாலை ஒன்றில் பதினேழு வருஷம் சம்பளப் பட்டியல் போடும் புரோகிராம் எழுதியவள். தொழிற்சாலை மூடியது. அடுத்த வசந்தத்தில் அவள் கணவன் வில்மர் களஞ்சியக் கூரையில் தகரம் மாற்றும்போது வழுக்கி விழுந்தான். முதுகில் ஓர் ஆபரேஷன் முடிந்தது. இரண்டாவதைப் பிப்ரவரியில் செய்தால் நிமிர்ந்து நடப்பான், தள்ளிப்போட்டால் நரம்பு செத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும், இன்ஷூரன்ஸுக்கு வேலை வேண்டும். விளையாட்டு என்றால் சீட்டு ஆடக்கூடத் தெரியாத ஆர்லீன் டேலிடம் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

தொப்பி வைத்தாள். அந்தப் பெட்டியில் துப்பாக்கிக் குண்டு காட்டுவதற்கென்று தனியாக ஒரு புள்ளி உண்டு. இந்த ஆட்டத்தில் குண்டே இல்லை. அந்தப் புள்ளியை இழுத்து நீட்டிக் கிளெமின் தலைமேல் ஒரு கோடாகப் படுக்கவைத்தாள். தொப்பி விளிம்பு வந்துவிட்டது. டேல் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினான்.

ஆறு வாரம்தான் கெடு. கேசட்டுக்குள் இருந்த மொத்த இடத்தில் ஒரு மளிகை லிஸ்ட்டும் ஒரு காதல் கடிதமும் எழுதினால் தீர்ந்துபோகும். அதற்குள் ஓடும் ரயிலையும், அதன் கூரைமேல் ஓடும் கிளெமையும், பொறுக்க உருளைக்கிழங்குகளையும், பாய்ந்து கொத்தும் காக்கைகளையும், ஒன்பது ஸ்டேஷன்களையும் அடைத்தாள். மூன்று உயிர். காக்கை கொத்தினால் ஒன்று போகும். ஒன்பதாவது ஸ்டேஷனில் ஆட்டம் முடியும். ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை எல்லாம் பொருந்தி நின்றபோது மூன்றே மூன்று எழுத்துக்குத்தான் இடம் பாக்கி.

அன்று ஹார்னிஷ் படியேறி வந்தார்.

"கடைசியில தொப்பியக் கழட்டிக் குனிஞ்சு வணக்கம் சொல்றானா?"

"யாருங்க?"

"கிளெம்தான். என் தம்பி. பாக்கெட்ல இருக்கிறது அவன்தான், உனக்குத் தெரியாதா? ஹாரிஸ்பர்க் லைன்ல முப்பது வருஷம் கண்டக்டர். வண்டி கடைசி ஸ்டேஷனுக்கு வந்தா பிளாட்பாரத்துல இறங்கி நின்னு, தொப்பியக் கழட்டி, கடைசி ஆள் போற வரைக்கும் ஒவ்வொருத்தருக்கா தலை குனிவான். எல்லாரும் சிரிப்பாங்க. அவனுக்கு அதெல்லாம் கவலையே இல்ல. அந்த வணக்கம் இல்லேன்னா எனக்கு இந்த ஆட்டமே வேணாம்மா."

டேல் அவளைப் பார்த்தான். அவள், "நாலு நாள் குடுங்க" என்றாள்.

நாலு நாளும் அவள் பிச்சைக்காரி மாதிரி எழுத்து எழுத்தாகச் சுரண்டினாள். விசில் சத்தத்துக்கென்று வைத்திருந்த வரிசையை ஸ்டேஷன் பட்டியலோடு ஒட்டினாள். இரண்டு இடத்தில் 'அப்படியா, இல்லையா' என்று கேட்கும் சோதனைகளைத் தூக்கினாள். செவ்வாய் மதியம் கிளெம் குனிந்தான். ஒன்பது ஸ்டேஷனையும் பத்துப் பன்னிரண்டு தடவை ஆடிப் பார்த்தாள், டேலும் ஆடினான். ஒவ்வொரு தடவையும் ரயில் நின்றது, தொப்பி இறங்கியது. ஹார்னிஷ் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் படி இறங்கிப் போனார். புதன்கிழமை புரோகிராம், கேசட்டுக்குள் வைக்கும் சில்லைச் செய்கிற தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே சில்லில் வார்த்துவிட்டால் வார்த்ததுதான், ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

எட்டு நாள் கழித்து, அடுக்கி வைப்பதற்காகப் புரோகிராம் அச்சடித்த தாள்களை எடுத்தவள் பழக்கதோஷத்தில் பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சம்பளப் பட்டியல் காலத்துப் பழக்கம். பதினொன்றாம் பக்கத்தில் பென்சில் நின்றது.

தூக்கிய சோதனைகளில் ஒன்று, எத்தனை உயிர் மிச்சம் என்று பார்ப்பது. ஒன்றோ இரண்டோ மிச்சம் இருந்தால் வண்டி நிற்கும், கிளெம் குனிவான். மூன்றும் மிச்சம் இருந்தால்? கம்ப்யூட்டரில் உயிரை மூன்று என்று போட்டு ஒன்பதாவது ஸ்டேஷனை ஓட்டினாள். கிளெம் ஒரு காலைத் தூக்கியபடியே உறைந்து நின்றான். விசில் மட்டும் நிற்காமல் வீலென்று கத்தியது.

அவளும் டேலும் ஒரு தடவைகூடக் கொத்து வாங்காமல் ஒன்பதாவது ஸ்டேஷனுக்குப் போனதில்லை. அதனால்தான் அது கண்ணில் படவே இல்லை.

"சுமாரா ஆடுறவனுக்கு வணக்கம். பிரமாதமா ஆடுறவனுக்கு ஒண்ணுமில்ல. அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன், டேல்" என்றாள்.

டேல் தொழிற்சாலைக்குப் போன் போட்டான். வார்க்க ஆரம்பித்தாயிற்று, நிறுத்தினால் கிறிஸ்துமஸுக்குள் சரக்கு வராது என்றார்கள். போனை மெதுவாக வைத்தான்.

"எத்தனை பேர் அடியே வாங்காம அதுவரைக்கும் போகப்போறாங்க? பத்துப் பேரா?"

"ஒரு சின்னக் காகிதம் போட்டு அனுப்பிடலாம். எட்டாவது ஸ்டேஷன்ல வேணும்னே ஒரு உயிரை விடுங்கன்னு. அது போதும்."

"அது தப்பை நாமளே எழுதிக் குடுக்கிற மாதிரி. கிழவர் அந்த நிமிஷமே நம்மளைக் கைகழுவிடுவாரு. நமக்கு வேற யார் இருக்கா சொல்லுங்க? இந்த ஆட்ட வியாபாரமே ஊரெல்லாம் படுத்துட்டு வருது. கதவைச் சாத்திட்டுக் கிளம்ப வேண்டியதுதான்." பிறகு, வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது: "வில்மருக்கு ஆபரேஷன் பிப்ரவரியிலதானே?"

ஆர்லீன் தாள்களை அடுக்கி அலமாரியில் வைத்தாள்.

கேசட்டுகள் டிசம்பரில் போயின. ஜனவரியில் கடிதங்கள் வந்தன. ஹார்னிஷ் ஆபீசில் அவற்றைப் பிரிக்காமலே பெட்டியில் போட்டு டேலுக்கு அனுப்பிவிடுவார்கள். தொப்பி ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் ஒன்பதாவது ஸ்டேஷனைப் பற்றி எழுதியிருந்தார்கள். பத்துப் பேர் இல்லை, நூற்றைத் தாண்டிவிட்டது. டேல் ஒரு பதிலைத் தயார் செய்து கொடுத்தான்: 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஒன்பதாவது ஸ்டேஷன் கடினமானது. மேலும் பயிற்சி செய்யவும்.' அதைத் தட்டச்சு செய்து உறையில் போட்டு நாக்கால் ஒட்டியவள் ஆர்லீன். ஒரு நாளைக்கு இருபது. மேலும் பயிற்சி செய்யவும். மேலும் பயிற்சி செய்யவும்.

ஸ்டீல்டனிலிருந்து நிக் பெர்கோவிச் என்ற ஒருவர் மூன்று கடிதம் எழுதியிருந்தார். முதல் இரண்டுக்கும் அவள் அந்த ஒரே பதிலைத்தான் அனுப்பியிருந்தாள். மூன்றாவது இப்படி இருந்தது:

'நீங்க சொன்ன மாதிரி பயிற்சி பண்ணிட்டேன். ஒரு காக்காகூட என்னைத் தொடல. நாற்பத்தேழு தடவை ஒன்பதாவது ஸ்டேஷனுக்கு மூணு உயிரோட போயிட்டேன். நாற்பத்தேழு தடவையும் அப்படியே நின்னு போகுது. நான் எங்க தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லிடுங்க. தயவுசெஞ்சு.'

அன்று சாயங்காலம் அவள் வில்மரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சாய்வு நாற்காலியில் இடுப்புப் பட்டையோடு கிடந்தான்.

"இன்னும் மூணு வாரம்தான் ஆர்லீன். இருபத்தொண்ணாம் தேதி என்னை மேசையில படுக்க வச்சிடுவாங்க. அதுக்கப்புறம் ஊரைக் கூட்டிச் சொல்லு, நானே தப்பட்டை அடிக்கிறேன்."

"அந்த ஆள் கெஞ்சறாரு வில்மர்."

"நானும்தான் கெஞ்சறேன். கக்கூஸுக்குப் போக நீ என்னைப் பிடிச்சுத் தூக்குற பாரு, அப்போ ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைக்கிறேன். மூணு வாரம். வாக்குக் குடு."

அவள் வாக்குக் கொடுத்தாள். ஆனால் அந்த ஒருவருக்கு மட்டும் காதோடு காதாகச் சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்தாள். சனிக்கிழமை மதியம் காரை எடுத்துக்கொண்டு ஸ்டீல்டனுக்குப் போனாள்.

மலைச்சரிவில் ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், கீழே உருக்காலைக் குழாய்கள், அவற்றில் பாதிக்கு மேல் புகையில்லை. கதவைத் திறந்தவள் நிக்கின் மனைவி மில்லி. "அந்த சிப்ஸ் கம்பெனி ஆட்டம் விஷயமா வந்திருக்கேன்" என்றதும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"உள்ள வாங்க. ஆலையில ஆளைக் குறைச்சாங்க, பதினாலு மாசமா இப்படித்தான். பையன் சிப்ஸ் தின்னு வாங்கின ஆட்டம் அது. அவனை ஒதுக்கிட்டு இவர் உக்காந்துட்டாரு. இதை முடிச்சிட்டுத்தான் வேலை தேடப் போவேன்னு சொல்றாரு. இந்த ஒண்ணையாவது முடிக்கிறேன் மில்லிங்கிறாரு."

நிக் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அகன்ற தோள், ஒரு வாரத் தாடி. ஜாய்ஸ்டிக் அந்தக் கைக்குள் தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. திரையில் கிளெம் ஆறாவது ஸ்டேஷனில் ஓடிக்கொண்டிருந்தான். அவ்வளவு அழகாக யாரும் அதை ஆடி ஆர்லீன் பார்த்ததில்லை. அவள் முக்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள்.

அவர் கை நின்றது. காக்கை கொத்தியது. அவர் கவனிக்கவில்லை.

"நீயா எழுதின?"

"நான்தாங்க."

"பயிற்சி பண்ணுன்னு லெட்டர் போட்டதும்?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டு மாசம்." அவர் குரல் உயரவில்லை. "ராத்திரி படுத்தா கண்ணுக்குள்ள அந்தக் காக்காதான். எங்க கை தப்புது, எங்க கை தப்புதுன்னு. ஆலையிலயும் இதேதான் கேட்டுட்டுக் கிடந்தேன். இருபத்திரண்டு வருஷம், ஒரு நாள் லேட்டாப் போனதில்ல, ஒரு வார்ப்பு கெட்டதில்ல. என்ன தப்பு பண்ணேன்னு கேட்டா ஒருத்தன் வாயைத் திறக்கல." ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்தார். "இப்போ நீ என்ன சொல்ற? வேணும்னே ஒரு தடவை சாவு, அப்போ வணக்கம் சொல்லுவான்னா?"

"ஆமாங்க."

"எத்தனை பேருக்கு இந்த மாதிரி லெட்டர் போட்ட?"

"இருநூறு… இருநூத்திப் பத்து இருக்கும்."

"அவங்க வீட்டுக்கெல்லாம் கார் எடுத்துட்டுப் போவியா?"

"இல்லைங்க."

"அப்போ என் வீட்டுக்கு மட்டும் எதுக்கு வந்த? உன் மனசு ஆறணும்னா? கிளம்பு."

மில்லி வாசல் வரை வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை மேசைமேல் புதுக் கடிதப் பெட்டி ஒன்று இருந்தது. பக்கத்தில் டேல் எழுதிய பதிலும் வெற்றுத் தாள்களும். ஆர்லீன் முதல் தாளைத் தட்டச்சு இயந்திரத்தில் சொருகினாள். பெயர், முகவரி எல்லாம் அடித்தாள். 'மேலும்' என்ற சொல்லுக்கு வந்ததும் விரல் ஓடவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். டேல் யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தான், அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சிப்ஸ் தொழிற்சாலையில் ஹார்னிஷ் எண்ணெய்க் கொப்பரைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அந்த இரைச்சலில் அவள் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கிழவர் ஒரு காதைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லா ஆடினவனுக்குத்தான் என் தம்பி குனியலைங்கிற."

"ஆமாங்க."

"உனக்கு செப்டம்பர்லயே தெரியும்."

"தெரியும்."

"அவன் ஒரு ஆளை விட்டதில்லம்மா. குடிச்சுட்டுத் தள்ளாடி இறங்குறவனுக்கும் குனிவான்." அவர் கொப்பரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "என் கண்ணு முன்னால நிக்காத. போயிடு."

அந்த வாரமே உள்ளூர்ப் பத்திரிகைகளில் ஹார்னிஷ் தம் பெயர் போட்டு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஆட்டத்தில் தவறு இருக்கிறது, ஆடுகிறவர்கள்மேல் குற்றமில்லை, ஒன்பதாவது ஸ்டேஷனுக்கு முன்னால் ஓர் உயிரை விட்டுவிடுங்கள், மன்னியுங்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தது. டேலோடு போட்ட ஒப்பந்தத்தை அன்றே முறித்தார். பத்தே நாளில் கார்ப்பெட் கடை மாடி காலியானது. சாவியைக் கொடுக்க வந்த டேல், "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாமே, ஆர்லீன்" என்றான். கண் சிவந்திருந்தது. அவனுக்கும் வீட்டில் கைக்குழந்தை. கம்பெனி போனதோடு இன்ஷூரன்ஸும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, இருபத்தொன்றாம் தேதியை ரத்து செய்துவிட்டதாக.

வில்மர் கத்தவில்லை. "மூணு வாரம்" என்றான். "ஒரு மூணு வாரம் உன்னால பொறுக்க முடியலையா?" அன்றிலிருந்து முன்னறை சோபாவில் படுத்தான். அவள் தூக்கிவிட வந்தால் கையைத் தட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி தானே எழுந்தான். கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்து அந்த முனகலைக் கேட்பாள் ஆர்லீன். தான் செய்தது சரியா என்று யோசிப்பாள். சரி என்று தோன்றும். சரியென்று தோன்றியும் மூச்சு முட்டும். பகலில் வான்கோழி பதப்படுத்தும் ஆலையில் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு இறகு பிடுங்கினாள். கம்ப்யூட்டர் வேலை எங்கும் கிடைக்கவில்லை. கடைகளில் கேம் கேசட்டுகளைக் கூடையில் கொட்டி, அள்ளிக்கொண்டு போங்கள் என்று விட்டிருந்தார்கள்.

மே மாதம் மில்லியிடமிருந்து ஓர் அட்டை வந்தது. பத்திரிகை அறிவிப்பை வெட்டி வைத்திருந்தாளாம். நிக் ஒரு மாதம் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லையாம். ஒரு காலையில் தானாக உட்கார்ந்து எட்டாவது ஸ்டேஷன் வரை ஆடி, ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டு, காக்கை வந்து கொத்துவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாராம். 'கிளெம் குனிஞ்சதும் "இவ்வளவுதானா"ன்னு கேட்டாரு. அப்புறம் போய் முகம் மழிச்சாரு. அடுத்த வாரம் அவர் சித்தப்பா மகனோட டெக்ஸாஸ் கிளம்பிட்டாரு, வேலை தேடி. உங்களுக்குத் தெரியணும்னு எழுதினேன்.'

ஆர்லீன் அட்டையைச் சமையலறை மேசைமேல் வைத்துவிட்டு ஆலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அது சோபா கைப்பிடிமேல் இருந்தது.

"வேலை கிடைச்சுதாமா அந்த ஆளுக்கு?" என்று வில்மர் கேட்டான். மூன்று மாதத்தில் அவனாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி.

"தெரியல. அது எழுதல."

"எழுதிக் கேளு."

எழுதினாள். பதில் வரவில்லை. இன்னொன்றும் எழுதினாள். அது முகவரியில் ஆள் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது.

அடுத்த ஆண்டு மாவட்ட வரி அலுவலகத்தில் அவளுக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. பழைய காயத்துக்கு ஓராண்டு காத்திருந்தால்தான் இன்ஷூரன்ஸ் செல்லும் என்றார்கள். காத்திருந்தார்கள். ஆபரேஷன் நடந்தபோது இடது காலின் நரம்பு பாதி செத்திருந்தது என்று டாக்டர் சொன்னார். வில்மர் சாகும்வரை கைத்தடியோடுதான் நடந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த அன்று வாசலில் நான்கு படி. அவன் தடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினான். அவள் வலது பக்கம் வந்து தோள் கொடுத்தாள். ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கினார்கள்.